ஏழு தண்ணீர்

முதலாளி கண்ணாடிக் குடுவையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். எண்ணெயினூடே அவருடைய கட்டைவிரல் ரேகை வரை தெரிந்தது.

"நம்ம கொதிகலன் சாம்பலா இப்படி வெளுத்துச்சு? என்னய்யா மந்திரம் பண்ணின?"

உமி எரிந்து மிஞ்சிய சாம்பல்தான். நேற்றுவரை குப்பை. இனிமேல் எண்ணெயை வெளுக்கக் கப்பலில் மண் வரவழைக்க வேண்டியதில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். கெமிஸ்ட்டுக்கு வாயெல்லாம் பல்.

நான் காலிக் குடுவைகளோடு கதவருகே நின்றேன். ஆய்வுக்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறவள். ஒன்பது வருடமாகத் தினக்கூலி. காரியம் ஆகவேண்டுமென்றால் கெமிஸ்ட்டுக்கு நான் 'அக்கா'. ஆன பிறகு 'ஏம்மா'.

போன மாதம் கெமிஸ்ட் இதே சாம்பலைப் போட்டபோது எண்ணெய் நுரைத்துப் பொங்கிச் சோப்பாகிவிட்டது. ஆலையே சிரித்தது. அன்றைக்கு நான் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே பாடமா என்று எரிந்து விழுந்தார்.

இரண்டாம் முறை இன்னும் நுணுக்கமாகச் சலித்தேன் என்று இப்போது முதலாளியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்ததும் கெமிஸ்ட்டிடம் போனேன். இது கைகூடினால் என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்கிறேன் என்று அவர்தான் வாக்குக் கொடுத்திருந்தார். ஞாபகப்படுத்தினேன்.

சிரித்தார்.

"ஏம்மா, கழுவுற வேலைக்கு எதுக்கு நிரந்தரம்? யார் வேணாலும் கழுவலாமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரிங்க சார் என்றேன். இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை நான் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் முறைக்கு முன்பு அவர் இரண்டு நாள் விடுப்பில் போயிருந்தபோது, சலித்து வைத்திருந்த அந்தச் சாம்பலை எடுத்து ஏழு தண்ணீர் விட்டு அலசினேன். தொட்டால் விரலில் வழுக்குகிற, எண்ணெயைச் சோப்பாக்குகிற காரம் அத்தனையும் போகும்வரை. பிறகு காயவைத்து, அதே டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். திரும்பி வந்தவர் டப்பாவைத் திறந்து எண்ணெயில் கொட்டினார்.

கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அது நாளைக்கும் அங்கேயே தொங்கும்.

காலையில் பெரிய தொட்டியில் நாற்பது மூட்டைச் சாம்பல் கொட்டப் போகிறார்கள். முதலாளியும் வருகிறார். மூட்டைகள் வாசலில் அடுக்கியாயிற்று. நன்றாகச் சலித்திருக்கிறார்கள்.

யார் வேண்டுமானாலும் கழுவலாம்.

கழுவ வேண்டும் என்று தெரிந்திருந்தால்.