கரண்டிச் சத்தம்

ஏரிக்கரையில் புதிதாக வந்த விடுதியில் சாயங்காலமானால் மேடை போட்டு மைக்செட்டில் பாட்டு. அந்தச் சத்தம் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்து, எதிர்க்கரையில் ஒற்றையாய் நிற்கும் மாரிக்கண்ணுவின் வீட்டுக்குள் புகுந்து நெஞ்சில் குத்தும். பெண்டாட்டி செத்த வீட்டில் ஒரு மாதமாவது அமைதி வேண்டாமா? கதவைப் பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்டு, பரிசலைத் தள்ளிப் போய் மேடை முன்னால் நின்றார்.

“அவ்வளவு தூரமெல்லாம் கேக்காது பெரியவரே” என்றான் மைக்செட்காரன்.

“புளுகாதடா. நிறுத்திட்டுப் பேசு.”

நிறுத்தினான். ஏரி அடங்கியது.

எதிர்க்கரையிலிருந்து, பக்கத்தில் நின்று தட்டுவதுபோல் டங் டங் என்று கேட்டது. மீன் பிடிக்கப் போனவரைச் சோற்றுக்குக் கூப்பிட, செங்கமலம் வாசலில் நின்று கரண்டியால் தட்டைத் தட்டுவாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

“அட, நீங்க சொன்னது நெசம்தான். எவ்வளவு தெளிவாக் கேக்குது!” மைக்செட்காரன் சிரித்தான். “போங்க, வீட்ல சோறு ஆக்கிட்டாங்க.”

மாரிக்கண்ணு மடியைத் தடவிப் பார்த்தார். சாவி இருந்தது.

“பாட்டைப் போடுடா” என்றார்.

போட்டான்.

“இன்னும் சத்தமா.”