கடைசி அறைப் பிள்ளைகள்

கடைசி அறையில் அன்று இருந்தவர்கள் மூன்று பேர். பள்ளியின் தாளாளர், அந்தக் கட்டடத்தைக் கட்டிய இன்ஜினியரான அவருடைய சகலை, தலைமையாசிரியை. மக்குகள் யாரும் இல்லை, சனிக்கிழமை விடுமுறை.

ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு அறைகள். ஜூன் மாதம் பழைய மதிப்பெண்ணைப் பார்த்து, கெட்டிக்காரர்களை ஜன்னல் வைத்த முன் அறைக்கும் மக்குகளை இந்த அறைக்கும் பிரித்தவர் தாளாளரேதான். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்க்கவில்லை.

காலாண்டுத் தேர்வில் முன் அறையில் இரண்டே பேர் ஃபெயில். இங்கே முப்பத்தொரு பேரில் இருபத்து நான்கு. மொத்தப் பேருக்கும் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் பள்ளியின் பெயர் தப்பிக்கும் என்று தாளாளர் முடிவுகட்டியிருந்தார்.

அலுவலகத்தில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று சொல்லி, தலைமையாசிரியை இருவரையும் இங்கே உட்கார வைத்திருந்தார். இருந்த ஒரே ஜன்னலையும் ஜெனரேட்டர் ரூமுக்காகச் செங்கல் வைத்து அடைத்தவர் சகலை. ஜெனரேட்டர் ஓடினால் பாடம் காதில் விழாது, மூன்றாவது பெஞ்சிலிருந்து கரும்பலகை தெரியாது என்று தலைமையாசிரியை சொன்னபோது அவர் கொட்டாவி விட்டார்.

"படிக்கிற பிள்ளை தெருவிளக்குல கூடப் படிக்கும் டீச்சர்."

தெருவிளக்கு இதைவிட வெளிச்சம் என்பது அந்த மேதைக்குத் தோன்றவில்லை.

"மண்டையில ஒண்ணுமில்லாததுங்களுக்கு ஜன்னல் எதுக்கு சகல?" என்றார் தாளாளர். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு டி.சி.யிலும் கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்தார். முப்பத்தொன்றையும் முடிக்கக் கால் மணி நேரம். பெயர் படிக்கிற வேலையெல்லாம் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

"திங்கக்கிழமை இதுல ஒருத்தனும் உள்ள வரக் கூடாது. ரூமையும் பூட்டிடுங்க" என்று பேனாவை மூடினார்.

தலைமையாசிரியை மறுக்கவில்லை. "ஒரு தடவை பேரைப் படிச்சுப் பாத்துடுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

இந்த இருட்டில் எவன் படிப்பான் என்று முணுமுணுத்தபடி தாளாளர் கட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். முதல் தாளில், போன வருஷம் பள்ளியிலேயே முதலிடம் வந்த பெண். இரண்டாவதில், அவரே மேடையில் பொன்னாடை போர்த்திய பையன். மூன்றாவதைப் புரட்டாமல் திரும்பினார்.

சகலையும் வெளியே வந்துவிட்டார். அவர் பின்னாலேயே வந்த தலைமையாசிரியை கதவைச் சாத்திப் பூட்டினார்.

"ஜூன்லயே ரெண்டு கிளாசையும் ரூம் மாத்திட்டேன் சார்."