அத்தனையும் தப்பு

"ஒரு கணக்குகூடவா சரியா வராது?" டேப்லெட்டை மேசையில் பட்டென்று வைத்தார் சம்பத் சார்.

சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் பள்ளிக்கென்றே அவர் பாடுபட்டு உருவாக்கிய விளையாட்டு அது. தங்கச் சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றியிறக்கும் கேஜ்; கணக்குப் போட்டு அதை ஓட்ட வேண்டும். கணக்குக்கு இரண்டே விடைகள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பாதி தேறும். வகுப்பில் முதலாவதாக வரும் யசோதராவோ முட்டை வாங்கியிருந்தாள்.

"விளையாட்டுன்னா அவ்வளவு அலட்சியமா? மன்னிப்புக் கேளு."

"எதுக்கு சார்? நான்தான் ஜெயிச்சேன்."

"முட்டை வாங்கிட்டு வாய் வேறயா?"

யசோதரா தலை குனியவில்லை. "சரியா போட்டா கேஜ் மேல போவுது. தப்பா போட்டாத்தான் சார் கீழ எறங்குது."

"ஆமா, அதுக்கென்ன?"

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? எங்க ஊர்ல யாரு மேல போயி தங்கம் எடுத்தாங்க?"

பெங்களூரிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் சம்பத் மேசையிலிருந்த டேப்லெட்டைக் குனிந்து பார்த்தார்.

"எது சரின்னு தெரிஞ்சாத்தான சார் எல்லாத்தையும் தப்பாவே தொட முடியும்? கடைசி லெவல் வரிக்கும் எறங்கிட்டேன்."

டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் வெறும் இருட்டு.

"தங்கத்த எங்க சார் வெச்சீங்க?"