தாடை வைக்கும் இடம்

சமையலறையில் மணி அலறியது. மாதங்கி கரண்டியோடு ஓடினாள். நடக்க முடியாத கணவர் தன்னைக் கூப்பிடுவதற்காக அவளே சர்க்யூட் போட்டுச் செய்த மணி. அவரோ பொத்தானைத் தொடவேயில்லை. காலையிலிருந்து இதே கூத்து.

கண் டாக்டரான அவருடைய, எதையும் பெரிதாக்கிக் காட்டும் பழைய பரிசோதனைக் கருவியைக் கட்டிலருகே இழுத்தாள். பழுது எங்கே என்று பார்க்க, நோயாளிகள் தாடை வைக்கும் இடத்தில் மணியின் சர்க்யூட் போர்டை வைத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். "கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று பழக்கதோஷத்தில் போர்டிடம் சொன்னார். பிறகு, "ஒரு கோளாறும் இல்ல" என்றார்.

அவளும் பார்த்தாள். இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவே ஈயம் வழிந்து ஒட்டியிருந்தது பளிச்சென்று தெரிந்தது. மணி தானாக அடிக்க அதுதான் காரணம். இவருக்குக் காலோடு கண்ணும் போய்விட்டதா?

"இது உங்களுக்குத் தெரியலையாங்க?"

"தெரியுது. அதைச் சுரண்டிட்டா, நீ இப்படிச் சும்மா சும்மா ஓடி வர மாட்டியே."