பழுப்புச் சீஸுக்குப் பூஜ்யம்

மூன்றாவது பீரங்கி முழங்கி ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தபோது, தோர்லைஃப் சமையலறைத் தராசின் முன் குனிந்து உட்கார்ந்திருந்தார். இருந்த சாப்பாட்டை கிராம் கிராமாக நிறுத்துக்கொண்டிருந்தார்.

“அரை வெள்ளரி. கணக்குல ரெண்டு கிராம். இதுக்கு மேல ஒரு துணுக்குகூடக் கிடையாது,” என்றார். மனைவி குட்ரூன் பெருமூச்சு விட்டாள்.

முற்றுகையும் இல்லை, பஞ்சமும் இல்லை, மே பதினேழு. தேசிய நாள் விடிந்துவிட்டது என்று ஊரை எழுப்புகிற பீரங்கி அது. ஊர்வலத்தின் முன்னால் கொடி பிடிக்கப்போவது இந்த வருஷமும் தோர்லைஃப்தான். கொடி பிடிப்பவர் பூனாட் என்கிற மரபு உடையைப் போட்டாக வேண்டும்: வெள்ளிப் பொத்தான் வைத்த இடைச்சட்டை, முழங்காலோடு நிற்கிற கம்பளிக் கால்சட்டை. அலமாரிக்குள் சும்மா தொங்கியபடியே வருஷா வருஷம் சுருங்குகிற துணி நார்வேயில் அது ஒன்றுதான்.

போன வருஷம் தோர்லைஃபின் கால்சட்டைப் பொத்தான் தெறித்து, ஊரை ஒட்டிய ஃபியோர்டு நீரைத் தாண்டிப் பறந்து, அக்கரைத் தேவாலய மணியில் பட்டு டங்கென்றது. “அடுத்த வருஷமும் இதே கதின்னா கொடிய என்கிட்ட குடுத்துடுங்க அத்தான்!” என்று ஊர் முன்னால் கெக்கலித்தான் குட்ரூனின் தம்பி ஒட்வார். விழாக் குழுவும் சரியென்றுவிட்டது.

புத்தாண்டன்று ஆரம்பித்தது கீட்டோ பத்தியம். ஒரு நாளைக்கு இருபது கிராம் மாவுச்சத்து, சர்க்கரையும் அதில் சேர்த்தி, அவ்வளவுதான். உருளைக்கிழங்கு லாரி எதிரே வந்தால் தெருவைத் தாண்டி மறுபக்கம் போனார். தபால்தலையை நக்கச் சொன்னால், பசையில் எத்தனை கிராம் என்று கேட்டார். பேத்தி ஜாம் வாயோடு முத்தம் கொடுத்ததற்கு அன்றைய கணக்கில் அரை கிராம் கழித்தார்.

எடை மட்டும் பார்க்கவேயில்லை. “கிறிஸ்துமஸ் பொட்டலத்த யாராவது முன்னாடியே பிரிப்பாங்களா?” என்று இலாஸ்டிக் வைத்த கால்சட்டையோடு வீட்டுக்குள் திரிந்தார். பூனாட்டையும் போட்டுப் பார்க்கவில்லை. அதைத் தன்னுடையதோடு சேர்த்துச் சலவைக்கு எடுத்துப்போன ஒட்வார், நேற்றுதான் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

“வெள்ளரி ரெண்டு, முட்டைக்கு ஒண்ணு, ஆக மூணு,” என்று விரல் மடக்கிக்கொண்டே, பழுப்புச் சீஸை ஏடு ஏடாகச் சீவி வாயில் போட்டுக்கொண்டிருந்தார் தோர்லைஃப்.

“அதுக்கு எத்தனை?” என்றாள் குட்ரூன்.

“எதுக்கு?”

“வாய்க்குள்ள போறதுக்கு.”

“சீஸ்தானே! சீஸுக்குப் பூஜ்யம். அந்தத் தைரியத்துலதானே வாரம் ஒரு கட்டிய முடிக்கறேன்!”

குட்ரூன் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். “அய்யோ, அது பேருக்குத்தாங்க சீஸ்! நிஜ சீஸை எடுத்தப்புறம் மிஞ்சற தண்ணிய மிட்டாய் நிறத்துக்குக் காய்ச்சறாங்க. பால்ல இருக்கற சர்க்கரை பூரா அதுக்குள்ளதான் இருக்கு. உங்க அம்மா காய்ச்சிப் பாத்ததில்லையா?”

“பாத்தேன். தின்னேன். கேள்வி கேக்கல!”

தோர்லைஃபின் தாடை பாதி மென்றபடி நின்றது. முகம் ஆட்டுப்பால் சீஸ் போல வெளுத்தது. “இப்ப உன் தம்பி வந்துடுவானே! கொடியும் போச்சு, மானமும் போச்சு!”

“போட்டுத்தான் பாருங்களேன்.”

அவர் பூனாட் கால்சட்டைக்குள் காலை நுழைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். குட்ரூன் அவர் முதுகில் முழங்காலை ஊன்றினாள். “மூச்சை உள்ள இழுங்க!” இழுத்தார். ஜன்னல் திரைகள் இரண்டும் வீட்டுக்குள் பறந்து வந்தன.

பொத்தான் துளைக்குள் போய்விட்டது. சும்மா, வெண்ணெயில் கத்தி போல.

“குட்ரூன்! ரெண்டு விரல் உள்ள போகுதுடி! என் கணக்கு சரி, உன் சர்க்கரைதான் பொய்!” அவளை இழுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி ஆடினார். மாடியில் குடியிருந்தவர்கள் ஊர்வலம் ஆரம்பித்துவிட்டதென்று எட்டிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் ஒட்வார் உள்ளே வந்தான். சுள்ளென்று வெயில் அடிக்கிற காலையில், கழுத்துவரை பொத்தான் போட்ட நீள மழைக்கோட்டு. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

“என்ன அத்தான், கொடிய வாங்கிக்கலாமா?” என்றான். கண் நேரே அத்தானின் இடுப்புக்குப் போனது.

“பாரு மச்சான், கண்குளிரப் பாரு! எல்லாம் பழுப்புச் சீஸ் வைத்தியம்!” தோர்லைஃப் வயிற்றை ஒரு தட்டுத் தட்டிக் காண்பித்துவிட்டு, கொடியைத் தோளில் சாத்திக்கொண்டு, ராஜா மாதிரி படியிறங்கினார். தெருவில் பேண்டு வாத்தியம் முழங்கியது.

ஒட்வார் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். குட்ரூனுக்குப் பாவமாக இருந்தது.

“விடுடா, அடுத்த வருஷம் நீ பிடிக்கலாம். முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டு, உருகிடப்போற.”

அவன் கோட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். “கழட்டச் சொல்லாத அக்கா! கொடி மட்டும் என் கைக்கு வந்திருந்தா, இன்னைக்கு ஊரே சிரிச்சிருக்கும்.”

“ஏன்டா?”

“உள்ள என் பொத்தான் மாட்டவேயில்ல. யாருக்காவது ஒருத்தருக்குச் சேரட்டும்னு தையல்காரிகிட்ட ரெண்டு பேரோடதையுந்தான் குடுத்தேன், அத்தானோடதுல பிரிச்சுவிட உள்மடிப்புத் துணி இருந்துச்சு, என்னோடதுல இல்ல!”