குவான்யின் காலடியில் ஒரு ஜோடி

சீனாவின் சுவான்சோ நகரக் கோயிலில் ஊதுவத்திப் புகை காலை வெயிலில் சாய்ந்து நிற்கிறது. தலை நிறையப் பூச்சூடிய சுற்றுலாப் பெண்கள் கருணைத் தேவி குவான்யின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளை வேண்டுகிறவள் தேவியின் காலடியிலிருந்து குழந்தைக் காலணி ஒன்றை எடுத்துப் போவாள். பிறந்ததும் இன்னொன்று தைத்து, ஜோடியாகத் திருப்பி வைப்பாள். உள்ளூர்க்காரி யாலிங் இப்போது ஜோடியை நீட்டுகிறாள். “அடி யாலிங்! ஜோடியாவே கொண்டாந்துட்டியா!” விளக்குக்கு எண்ணெய் விடும் சூ அத்தை கூவுகிறாள். “பொண்ணா, பையனா? பிள்ளை பொறந்தா ஊருக்குக் குடுக்குற சிவப்பு முட்டை எங்கடி? வெறுங்கையோட வந்தா விட்ருவேனா?” பூச்சூடிய பெண்கள் கைதட்டுகிறார்கள். “பொண்ணு, அத்தை.” “எங்க அவ? வெயில்லயா விட்டுட்டு வந்த?” யாலிங் காலணியின் சிவப்பு நூலை விரலால் நீவுகிறாள். “பொறந்ததும் திருப்பி வைக்கணும்னு சொன்னீங்கல்ல. பொறந்தா. அழத்தான் இல்ல.” அத்தையின் கையில் எண்ணெய் வழிகிறது. கைதட்டல் ஓய்கிறது. பின்னாலிருந்து, இந்தப் பேச்சு எதுவும் காதில் விழாத ஒரு புதுமணப்பெண் எட்டிப் பார்க்கிறாள். “ஐயோ, என்ன அழகு! இதுல ஒண்ணு நான் எடுத்துக்கட்டுமா?” அத்தை சட்டென்று காலணிகளைக் கையால் மூடிக்கொள்கிறாள். அந்தக் கையை யாலிங்தான் மெதுவாக விலக்குகிறாள். “குடுங்க அத்தை. யாரும் போட்டதில்ல. புதுசுதான்.”