லைசென்ஸ் காட்டாத ஒரே ஆள்

ரோலண்ட் தொப்பியைக் கழற்றாமலே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தலைச்சாயம் வியர்வையில் கரைந்து காதோரம் வழிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற பயம் அவருக்கு.

மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஆர்லீன் வந்துகொண்டிருந்தார். எண்பத்தொரு வயது, கையில் பெயர்ப்பட்டியல் செருகிய அட்டை. ஓஹையோவின் அந்தச் சிற்றூரில் முதியோர் சாஃப்ட்பால் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. அவர் நடந்து வந்த வேகத்தைப் பார்த்தால், இன்று யார் கணக்கையாவது தீர்க்காமல் போகமாட்டார் என்று தோன்றியது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்றவர்கள் சிலர் பொழுது போகாமல் நாலே அணிகளோடு தொடங்கிய ஆட்டம் அது. பந்தை மட்டையால் அடித்துவிட்டு, மைதானத்தின் நாலு மூலைகளிலும் இருக்கும் தளங்களைத் தொட்டுச் சுற்றி ஓட வேண்டும். இப்போது முப்பத்தாறு அணிகள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு பிரிவு, அதில் இடம் கேட்டு நூற்றுப்பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு. ரோலண்ட் ஆடுவது அந்த எழுபதுக்காரர்களோடு, புதன்கிழமை காலைகளில்.

கூட்டம் பெருகிய இடத்துக்குச் சாவும் வழி கேட்டு வந்துவிட்டது. ஏப்ரலில் இரண்டாவது தளத்தை நோக்கி ஓடிய லாயிட் குப்புற விழுந்தார், எழுந்திருக்கவே இல்லை. எண்பதைத் தாண்டியவர்கள் டாக்டர் கையெழுத்து இல்லாமல் ஆடக்கூடாது என்பது விதி. தன் எண்பத்துநான்கு வயதை எழுபத்தேழு என்று அவர் எழுதிக்கொடுத்திருந்தது ஆம்புலன்ஸ் போன பிறகுதான் தெரிந்தது.

அதோடு காப்பீட்டுக்காரர்கள் நெருக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் ஓட்டுநர் லைசென்ஸைக் காட்ட வேண்டும், பிறந்த தேதியைச் சங்கம் சரிபார்க்க வேண்டும். ஐந்நூறு பேரும் காட்டியாயிற்று. மூன்று வாரமாக வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவர் ரோலண்ட் ஒருவர்தான். அதையும் காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கித்தான் சொல்வார்.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எல்வினுக்கு எழுபத்தாறு வயது. அந்த அணியில் ரோலண்டுக்கு அவர்தான் நெருக்கம்.

"உண்மையைச் சொல்லுடா. எண்பது ஆயிடுச்சா?"

ரோலண்ட் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாயிட் மாதிரி உன்னையும் தூக்கிட்டுப் போறதை என்னால பாக்க முடியாது. டாக்டர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடு, போதும்."

"டாக்டர் கையெழுத்தால ஆகுற காரியம் இல்ல எல்வின், இது."

எல்வினுக்கு முகம் வெளிறிவிட்டது. 

வயதை மாற்றி எழுதியது ரோலண்ட் செய்த தப்புதான். ஆனால் மனைவி கோனி போனபின் இரண்டு வருடம் டி.வி.யோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த மனிதர் அவர். பள்ளிக்கூட நாளிலிருந்து எந்த ஆட்டத்திலும் கடைசி ஆளாகவே சேர்த்துக்கொள்ளப்பட்டவரை, இங்கே நாலு கேப்டன்கள் எனக்கு உனக்கு என்று சண்டை போட்டுக் கேட்டார்கள். இந்தப் புதன்கிழமையும் கையைவிட்டுப் போனால் அவருக்கு வாரம் என்ற ஒன்றே கிடையாது.

அவர் முறை வந்தது. மட்டையைச் சுழற்றினார், பந்து வேலியில் போய் மோதியது. மூன்றாவது தளம் வரை போயிருக்கலாம். ஆர்லீன் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முதல் தளத்தோடு நின்று, தனக்குப் பதிலாக ஓட ஆள் கேட்டார். முடியாதவர்களுக்கு இங்கே அப்படிக் கேட்க உரிமை உண்டு. போன வாரம் பிடித்தது வலது முழங்கால், இந்த வாரம் இடது. வயதான உடம்பில் எது எங்கே பிடிக்கும் என்று யார் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள்?

நொண்டிக்கொண்டே பெஞ்சுக்குத் திரும்பியவரை ஆர்லீன் வழிமறித்தார்.

"லைசென்ஸ், ரோலண்ட்."

"வீட்டுல..."

"அப்ப உங்க கார் என்ன, குதிரை இழுத்துட்டு வந்துச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. களத்தில் ஆட்டம் நின்றுவிட்டது. எல்வின் எழுந்து வந்து ரோலண்டின் தோளில் கை வைத்தார். இன்றைக்கு ஒருநாள் மட்டும் ஆடிவிட்டுப் போகட்டும், ஆசை தீரட்டும் என்று ஆர்லீனிடம் கெஞ்சினார்.

"லாயிட் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் பொண்டாட்டிகிட்ட சொன்னவ நான். இன்னொரு வீட்டுக் கதவை அப்படித் தட்டமாட்டேன்" என்றார் ஆர்லீன்.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது? ரோலண்ட் பர்ஸைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

ஆர்லீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். விரல்விட்டு எண்ணினார். நம்பாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அவர் முகம் மாறியதைப் பார்த்து, யாரோ ஒருவர் ரோலண்டுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். எல்வின் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆர்லீன் பட்டியலில் ரோலண்டின் பெயர் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். லைசென்ஸை ரோலண்டின் சட்டைப்பையில் செருகினார்.

"எழுபதுக்காரங்களோட ஆடணும்னா இன்னும் நாலு வருஷம் கழிச்சு வா, தம்பி."